நாற்பது தட்டுக்கான பூண்டு

அம்மா குவைத்தில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறாள். அவள் அங்கே பூண்டு உரிக்கத் தொடங்கும் நேரம், காஞ்சிபுரத்தில் எனக்குப் பகல் பதினொன்றரை. கைப்பேசியை மாவு டின்னின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, உரித்துக்கொண்டே பேசிப் பதிவுசெய்து அனுப்புவாள். கல்லூரியில் மதிய இடைவேளை விட்டதும் அதைக் கேட்பேன். புங்க மரத்தடியில் மற்றவர்கள் டப்பாக்களைத் திறந்து ஒருவர் சோற்றில் ஒருவர் கைவைத்துக்கொண்டிருப்பார்கள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. தொடக்கத்தில் சில முறை கூப்பிட்டார்கள். அம்மாவின் குரல் வந்திருக்கும் நேரம் இது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

அப்பா இறந்தபோது நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தேன். அம்மா இரண்டு வருடம் கல்யாண மண்டபங்களில் காய் நறுக்கப் போனாள். அதன்பின் ஒருவர் மூலமாகக் குவைத்துக்குப் போனாள். நான் தமிழ் இலக்கியத்தில் இளங்கலை முடித்து, இப்போது முதுகலை படிக்கிறேன். படிப்பு முடியும்வரை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அதுதான் ஏற்பாடு என்று இருவருக்கும் தெரியும்.

அவளுடைய பதிவுகளில் பெரிய செய்தி எதுவும் இருக்காது. இன்றைக்கு எத்தனை கிலோ பூண்டு, பக்கத்து மேசையில் நிற்கும் நேபாளத்துப் பெண் எதற்காக அழுதாள், சூப்பர்வைசர் யாரை என்ன சொன்னார் என்று போகும். அந்தக் கடையில் அதிகம் கேட்கப்படுவது இரண்டு: பூண்டு நூடுல்ஸ், வெண்ணெயில் சுட்ட நண்டு. இரண்டையும் சேர்த்தேதான் வாங்குவார்களாம். பூண்டு உரிப்பது, நண்டைத் தேய்த்துக் கழுவி உடைத்துக் கொடுப்பது, நூடுல்ஸை வடிப்பது எல்லாம் அம்மாவின் பொறுப்பு. அவளுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. அதனால் அங்கிருக்கும் பொருள்களை மூடியின் நிறத்தாலும் மேலே ஒட்டிய படத்தாலும்தான் சொல்வாள். கறுப்பு பாட்டில் சிவப்பு மூடி. சிப்பிப் படம் போட்ட கெட்டிக் குழம்பு. பச்சை மூடி டப்பாத் தூள். அளவெல்லாம் நாற்பது தட்டுக்கு.

நான் அவற்றை ஒரு நோட்டில் எழுதிவந்தேன். அந்தப் பருவத்தில் எங்களுக்குப் பதிப்பியல் ஒரு தாளாக இருந்தது. ஒரே நூலின் பல ஏடுகளை ஒப்பிடுவது, பொருந்தும் பாடத்தை வைத்துக்கொண்டு மற்றதை அடிக்குறிப்பில் தருவது, ஏடு சிதைந்து எழுத்து அறுந்துபோன இடத்தில் ஊகித்து நிரப்பாமல் புள்ளிகள் இட்டு விடுவது. அதே முறையை அம்மாவின் பேச்சுக்கும் கையாண்டேன். வெண்ணெய் ஒரு பதிவில் மூன்று கட்டி, இன்னொன்றில் இரண்டரை. நண்டு முதலில் ஆவியில் வெந்து பிறகு ஓவன் என்கிற அடுப்புப் பெட்டிக்குள் போகிறதா, நேராகவே போகிறதா? ஐந்தாறு பதிவுகளை ஒப்பிட்டுத் தீர்மானித்தேன். அவளுடைய "இரு வரேன்", பாத்திரம் விழும் ஓசை, இருமல், யாரோ இந்தியில் கூப்பிடுவது எல்லாவற்றையும் விலக்கிவிட்டுச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாக்கியத்தின் கீழ் சிவப்புக் கோடு போட்டிருந்தேன். அவள் போன முதல் ஆண்டில் சொன்னது அது.

"ஒரு நாளு இத உக்காந்து சாப்டணும் பாப்பா. நின்னுக்கினே எத்தினி தட்டு அனுப்பறேன், ருசி எப்டி இருக்குதுன்னு கேட்டா எனுக்குத் தெரியாது."

சென்ற ஆடியில் அவளுக்கு நாற்பது நாள் விடுப்புக் கிடைத்தபோது, அவள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அதைச் சமைத்து அவளை உட்காரவைத்துப் பரிமாறுவது என்று முடிவு செய்தேன். சாப்பாட்டின் முடிவில் நான் சொல்லவேண்டிய ஒரு வாக்கியமும் இருந்தது. இங்கேயே இருந்துவிடு என்பதுதான் அது. எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லாததால், ஒரு தட்டு நண்டுக்குப் பின்னால் நின்றுகொண்டால் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு நெசவாளர் வீட்டின் மாடியில் ஓர் அறையும் சமையற்கட்டுமாகக் குடியிருக்கிறேன். வீடு தேடிய நாள்களில் பல இடங்களில் எங்களிடம் முதலில் கேட்கப்பட்டது, என்ன சமைப்பீர்கள் என்பதுதான். அந்தக் கேள்விக்குள் வேறொரு கேள்வி இருந்தது. அதற்கு நாங்கள் பதில் சொல்லாமலே படியிறங்கியிருக்கிறோம். இந்த வீட்டுக்கார அக்கா மட்டும் அதைக் கேட்கவில்லை. எதை வேண்டுமானாலும் சமைத்துக்கொள், தாளிக்கும்போதும் வறுக்கும்போதும் அந்த ஜன்னலை மட்டும் மூடிவிடு என்றார். சமையற்கட்டுக்கு இருக்கும் ஒரே ஜன்னல் அது. பின்பக்கத்துத் தறிக்கூடத்தின் மேல் திறக்கிறது. தறியில் நெடுக ஏற்றிய பட்டு இழைப் பாவு வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். பட்டு எந்த வாசனையையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு முறை முகூர்த்தப் புடவை ஒன்று கருவாட்டு வாசனை வீசுகிறது என்று கடையிலிருந்து திரும்பி வந்ததாம். அதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கடுகு பொரியவிடும் முன் ஜன்னலைச் சாத்துவது, விளக்கைப் போடுவதுபோல் என் கைக்குத் தானாக வந்துவிட்டது.

இரண்டு மாதங்களுக்கு முன்பே நூடுல்ஸை மட்டும் ஒருமுறை செய்து பார்த்தேன். நாற்பது தட்டுக்கு இரண்டு கிலோ பூண்டு என்றால் இரண்டு தட்டுக்கு நூறு கிராம். அரைக் கிலோக் கட்டியாக மூன்று வெண்ணெய் என்றால் எழுபத்தைந்து கிராம். கணக்கில் பிழையில்லை. கறுப்பு பாட்டில் சோயா சாஸ் என்பதும், சிப்பிப் படம் ஆய்ஸ்டர் சாஸ் என்பதும் கடையில் பார்த்ததுமே விளங்கின. பச்சை மூடித் தூள்தான் பிடிபடவில்லை. வெள்ளையாக இருக்கும், பால் வாசனை அடிக்கும், கடைசியில் தூவவேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். பால் பவுடர் என்று முடிவுகட்டி இரண்டு கரண்டி தூவினேன். அது வெண்ணெயில் உருண்டை உருண்டையாகத் திரண்டு, சேமியாப் பாயசத்தில் பூண்டு விழுந்ததுபோல் ஆனது. அவளிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்; கேட்டால் திட்டம் தெரிந்துபோகும். அந்தப் பூண்டுப் பாயசத்தை இரண்டு வேளை தனியாக உட்கார்ந்து தின்று தீர்த்தேன். பிறகொரு நாள் பெரிய கடையொன்றின் மேல்தட்டில் பச்சை மூடி போட்ட டப்பாவைக் கண்டேன். உலர்ந்த சீஸ் தூள். யாரிடமாவது சொல்லவேண்டும்போல் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது. சொல்ல ஆளில்லாததால், நோட்டில் பழைய பாடத்தை அடித்துத் திருத்தினேன்.

அம்மா வந்தாள். மெலிந்திருந்தாள். விரல் நுனிகளில் தோல் உரிந்து, கணுக்களில் வெடித்திருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பு அப்படி என்றாள். இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் என் துணிகளையெல்லாம் மறுபடி துவைத்தாள். நாங்கள் நிறையப் பேசிக்கொள்ளவில்லை. பதிவுகளில் அத்தனை பேசுகிறவள், நேரில் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் அப்படித்தான்.

ஞாயிறு விடியலில் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். பழவேற்காட்டு நண்டு வந்திருந்தது. கால்களைக் கட்டி ஈரச் சாக்கில் அடுக்கியிருந்தார்கள். எத்தனை பேருக்கு என்று கடைக்கார அம்மா கேட்டார். இரண்டு பேருக்கு என்றேன்.

"ரெண்டு பேருன்னா ஒரு கிலோவாச்சும் வாங்கும்மா, ஓட்டுலயே பாதி பூடும்" என்றார். பிறகு எடைத்தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஊட்ல எதுனா சண்டையா? நண்டு துன்னும்போது யாரும் பேச மாட்டாங்க. சண்ட போட்டவங்கதான் என்னாண்ட வருவாங்க" என்றார்.

பேசாதவர்களும் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவைச் சமையற்கட்டுப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி மொட்டைமாடிக்கு அனுப்பினேன். எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது, சிரித்துக்கொண்டே போனாள். ஆடிக் காற்று அடுப்பை அணைத்துக்கொண்டிருந்ததால் கதவைச் சாத்தினேன். ஜன்னலை முன்பே மூடியிருந்தேன்.

வீட்டில் அடுப்புப் பெட்டி கிடையாது. நண்டை ஆவியில் பாதி வேகவைத்து, வெண்ணெயும் இடித்த மிளகும் பூண்டும் தடவி, தடித்த இரும்புச் சட்டியில் வைத்தேன். மேலே மூடியாகப் பழுக்கக் காய்ந்த தோசைக்கல். கீழிருந்தும் மேலிருந்தும் சூடு இறங்கவேண்டும் என்பதற்காக நானே கண்டுபிடித்த ஏற்பாடு அது. ஓடு செம்மண் நிறத்திலிருந்து சிவப்பாகி, ஓரங்களில் கருகத் தொடங்கியது. மறு அடுப்பில் பூண்டை வெண்ணெயில் மிதமாக வதக்கி, நிறம் மாறும் முன் நிறுத்தி, இரு சாஸ்களையும் சிட்டிகை சர்க்கரையையும் நூடுல்ஸ் வெந்த நீர் ஒரு கரண்டியையும் சேர்த்தேன். நூடுல்ஸை அதில் புரட்டினேன். பச்சை மூடித் தூள். புகையும் ஆவியும் சேர்ந்து சுவரே தெரியாமல் மறைத்தன. எனக்குக் கண் எரிந்தது. ஆனால் அந்த வாசனை சரியான வாசனை என்று, அதை ஒருபோதும் முகர்ந்திராத எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

கதவைத் திறந்து அம்மாவைக் கூப்பிட்டு, மறுபடி சாத்தினேன். பாயில் இரண்டு தட்டு. நடுவில் நண்டு.

அவள் நிலைப்படியிலேயே ஒரு கணம் நின்றாள். தட்டைப் பார்த்தாள், மூடிய ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மகிழ்ச்சி என்று படித்தேன். அவள் வந்து உட்கார்ந்தாள். பெரிய கொடுக்கு ஒன்றை எடுத்து, கையாலேயே இரண்டு இடத்தில் ஒடித்து, ஓட்டைக் கழற்றி, சதை முழுசாக வெளியே வரும்படி இழுத்தாள். ஒரு நாளைக்கு நூறு முறை செய்கிற கை. அதை என் தட்டில் வைத்தாள்.

"நீ சாப்டு கண்ணு."

அடுத்த கொடுக்கை எடுக்கும்போது இருமினாள். நான் தண்ணீரை நகர்த்தினேன். மறுபடி இருமினாள், இம்முறை நிற்கவில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் விசில்போல் ஓர் ஒலி வந்தது. உதடு தடித்துக்கொண்டே போனது. கண்ணிமைகள் வீங்கின. அவள் கையால் கதவைக் காட்டினாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். புரை ஏறியிருக்கிறது என்றே நினைத்தேன்.

இருமல் கேட்டு வீட்டுக்கார அக்கா மேலே வந்தார். கதவைத் தள்ளியவர் புகையைப் பார்த்ததும் நேராகப் போய் அந்த ஜன்னலின் இரண்டு கதவுகளையும் தள்ளித் திறந்தார். கீழே தறியில் பாவு நின்றது எனக்குத் தெரியும். என்னை அறியாமல் "அக்கா, பாவு" என்றேன்.

"பாவு கெடக்குதும்மா. மொதல்ல அவங்கள வெளிய தூக்கு."

அவருடைய கணவர் ஆட்டோ பிடித்து வந்தார். அரசு மருத்துவமனையில் ஊசி போட்டு, முகத்தில் குழாய் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் மூச்சு சீரானது. இளம் டாக்டர் ஒருவர், முன்பு இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டார். அம்மா என்னை வெளியே போகச் சொன்னாள். நான் போகவில்லை. வந்திருக்கிறது என்று தலையசைத்தாள். எப்போதெல்லாம் என்றதற்கு, நண்டு கழுவும்போதும் அது வேகும்போதும் என்றாள். டாக்டர் வேலையை விசாரித்தார். பிறகு, தினமும் அதன் ஆவியைச் சுவாசிப்பவர்கள் சிலருக்கு உடம்பு இப்படி எதிர்த்துக்கொள்ளும், போகப்போக மோசமாகும், இனிமேல் நண்டுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று நிதானமாகச் சொன்னார்.

ஆட்டோவில் திரும்பும்போது எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் என்றாள். இரண்டு கையுறை, முகத்துக்குத் துணி, தினம் ஒரு மாத்திரை. சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார் என்று குளியலறையில் போய் இருமிவிட்டு வருவாளாம்.

நான் வெளியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இருமல்களை நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றையும் கேட்டு, வேண்டாததென்று விலக்கியிருக்கிறேன். உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்ற அந்த வாக்கியத்தை முதல் ஆண்டுக்குப் பிறகு அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பதை, பதிவுகளைக் காலவரிசைப்படி அடுக்கத் தெரிந்த நான் கவனித்திருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் தறியைப் பற்றிக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமையென்று பாவின்மேல் துணி போர்த்தியிருந்ததாகவும், ஜன்னல் திறந்தபடியே கிடக்கட்டும் என்றும் அக்கா சொல்லிவிட்டார். அம்மா மொட்டைமாடியில், வாசனை எட்டாதபடி காற்று வரும் பக்கமாகப் பாய் விரித்து உட்கார்ந்தாள். உள்ளே எல்லாம் ஆறிக் கிடந்தது. எடுத்துப்போய்க் கொட்டப்போனேன். கொட்டாதே, அது கஷ்டப்பட்டுச் செய்தது, நீ சாப்பிடு என்று அங்கிருந்தே சொன்னாள்.

எனவே நான் சமையற்கட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் எனக்காக உடைத்து வைத்த அந்தச் சதைத்துண்டு தட்டில் அப்படியே இருந்தது. கதவு வழியாக அவளுடைய முதுகும் பறக்கும் முந்தானையும் தெரிந்தன.

"எப்டி இருக்குது?" என்றாள், திரும்பாமலே.

"நல்லா இருக்குதும்மா. உப்பு கொஞ்சம் கம்மி."

"நாப்பது தட்டு கணக்க உப்புக்கு வகுக்கக் கூடாது பாப்பா. உப்ப கையிலதான் போடணும்." சற்றுப் பொறுத்து, "நண்டு இனிப்பா இருக்கும்னு சொல்வாங்க. இனிக்குதா?" என்றாள்.

இனிக்கிறது என்றேன். உண்மையாகவே இனித்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அவளுக்கு அந்த உணவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் காலியாகத் திரும்பி வரும் தட்டுகள்தான். இப்போது அதனுடன் என் ஒரு சொல்லும் சேர்ந்தது.

கை கழுவிவிட்டு வந்து கதவருகில் நின்று, பல மாதங்களாக வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். நான் எண்ணி வைத்திருந்த அமைப்பில் அது வரவில்லை.

"போவாதம்மா."

எனக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது என்றாள். நான் ஏதாவது வேலைக்குப் போகிறேன் என்றேன். அதற்கு அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் நிறுத்திக்கொண்டேன். கடைசியில் அவள் இறங்கிவந்த இடம் இதுதான்: சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொல்வாள், நூடுல்ஸ் பக்கம் மாற்றித் தரக் கேட்பாள், மாற்றித் தராவிட்டால் வந்துவிடுவாள். சத்தியம் செய்யச் சொன்னேன். என் தலைமேல் கைவைக்காமல், பாயின்மேல் கைவைத்துச் செய்தாள். அது ஏன் என்று எனக்குத் தெரியும்.

நாற்பது நாள் முடிந்து போய்விட்டாள். அங்கே போய்ச் சேர்ந்த வாரத்திலேயே பதிவு வந்தது: நூடுல்ஸ் பக்கம் மாற்றிவிட்டார்கள், அங்கே ஜன்னல்கூட இருக்கிறது.

நோட்டில் இப்போது புதிய பக்கம் ஒன்று தொடங்கியிருக்கிறேன். அதில் சமையல் குறிப்பு எதுவும் இல்லை. பதிவின் தேதி, நீளம், இருமல் எத்தனை, எந்த நிமிடத்தில். சொற்களை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு பதிவில், அவள் குரலுக்குப் பின்னால் ஓடு உடையும் ஒலி கேட்டது. அந்த ஒலி எனக்கு இப்போது தெரியும். இரண்டு இடத்தில் ஒடிக்கும் கையின் ஒலி. புங்க மரத்தடியில், எல்லோரும் இருக்கும்போதே, கைப்பேசியை வாயருகில் வைத்து முதன்முதலாக நான் பேசிப் பதிவுசெய்தேன். "அம்மா, பின்னாடி நண்டு ஒடைக்கிற சத்தம் கேக்குது. யாரு ஒடைக்கிறாங்க?" பக்கத்துப் பெண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் பகல் பதினொன்றரைக்குப் பதில் வந்தது.

"நீ இன்னா போலீசா? அந்த நேபாளத்துப் பொண்ணு ஒடைக்குதும்மா. நான் ஜன்னலாண்டதான் நிக்கிறேன். தோ, கேளு." தண்ணீர் கொதிக்கும் ஓசையும், ஏதோ வடிகட்டியில் கொட்டும் ஓசையும். பிறகு வழக்கமான பேச்சு. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. இருமல் இல்லை.

ஆனால் ஒரு நிமிடம் ஐம்பதாவது விநாடியில் எல்லா ஒலியும் நின்று, நான்கு விநாடி எதுவும் இல்லை. கைப்பேசியின் வாயை ஒருவர் உள்ளங்கையால் மூடினால் அப்படித்தான் இருக்கும். ஆறு முறை கேட்டேன். நோட்டில் இருமல் என்று எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. அந்த இடத்தில் நான்கு புள்ளிகள் இட்டு வைத்திருக்கிறேன்.